இவள் வேற கில்லி!



'கில்லி' என்றதும் 2004-ல் வந்த விஜய் படம்தானே ஞாபகம் வருது? நான் சொல்லப்போவது வேற கில்லி. அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் பேட்டர்சன் 1978-ல் எழுதிய நாவலின் நாயகி, 11 வயசு கில்லி ஹாப்கின்ஸ்.

இவள் வளர்வது 'ஃபாஸ்டர் கேர்' என்ற ஏற்பாட்டில். அப்படின்னா என்ன? தத்தெடுப்பது வேறு, இது வேறு. பெற்றோரால் வளர்க்க முடியாவிட்டாலோ, வீட்டில் அடி உதை என்றாலோ, அரசாங்கம் பிள்ளையை வேறொரு குடும்பத்தில் தற்காலிகமாக விடும். செலவுக்குப் பணமும் தரும். பெற்றோர் நிலைமை சரியானால் பிள்ளை திரும்பிப் போகலாம். அந்த வளர்ப்பு வீடு ஒத்துவராவிட்டால்? அடுத்த வீடு. அதுவும் சரிப்படாவிட்டால் இன்னொரு வீடு!

கில்லி அப்படிப் பல வீடு மாறியவள். வாய்த்துடுக்கு, சண்டை, திருட்டு எல்லாம் உண்டு. புது வீட்டில் அவளை வளர்ப்பவர் ட்ராட்டர் என்ற அம்மா. அவரையும் இவள் மதிக்கலை. பெற்ற தாய் இருக்கும் கலிபோர்னியாவுக்கு ஓடிப்போகப் பணம் திருடி, பஸ் நிலையத்தில் மாட்டிக்கொள்கிறாள். ஆனால் ட்ராட்டர் அவளைத் துரத்தவில்லை. வீட்டுக்குக் கூட்டி வருகிறார்.

இந்தச் சேட்டைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கு என்று எனக்குப் பட்டது. அவங்களா அனுப்புறதுக்கு முன்னாடி நாமே வெறுத்துட்டா வலிக்காதே! பாவம், வெறுக்க முடியாமல் போகும்போதுதான் அவளுக்குச் சிக்கல். முன்பு பொய்யாகப் புகார் எழுதிய கடிதத்தால் பாட்டி வந்து அழைத்துப் போகிறார். ஏங்கிய தாயோ சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வருகிறாள். 'சுபம்' போடாத முடிவு. 1979-ல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது பெற்றது இந்நாவல்.

பேட்டர்சன் இதை எழுதக் காரணம் என்ன தெரியுமா? கம்போடியச் சிறுவர் இருவரைச் சில காலம் அவர் தம் வீட்டில் வைத்திருந்தார். 'கொஞ்ச நாள்தானே' என்ற நினைப்பிலேயே அவர்களை நடத்தினோமே என்று பிறகு வருந்தினார்.

பெட்சி பையர்ஸ் 1977-ல் எழுதிய 'தி பின்பால்ஸ்' கதையிலும் மூன்று வளர்ப்புப் பிள்ளைகள். விளையாட்டு மெஷினில் அடித்த பக்கம் உருளும் குண்டு மாதிரிதான் நாமும் என்று நினைக்கிறாள் அதில் வரும் கார்லி. நம்ம கிட்டிப்புள் கில்லியும் அப்படித்தானே, அடிச்ச பக்கம் பறக்கும்! ஆனால் மூவரும் ஒருவருக்கொருவர் துணையாகும்போது, நம்மால் முயற்சி செய்ய முடியும், குண்டால் முடியாது என்று புரிந்துகொள்கிறாள்.

நம் வகுப்பிலும் வருஷ நடுவில் யாராவது புதுசா வந்து கடைசி பெஞ்சில் முறைச்சுக்கிட்டு உட்காரலாம். உடனே 'திமிர் பிடிச்சது' என்று பேர் வைக்காதீங்க. மதியம் சாப்பிடக் கூப்பிடுங்க. முதல் நாள் வரலைன்னா, மறுநாளும் கூப்பிடுங்க!

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி