சாலைக்கடியில் குழாய் ஏன் நசுங்குகிறது?

கோவை வழியாகச் செல்லும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலை போன்ற சாலைக்கடியில் பிளாஸ்டிக் வடிகால் குழாய் நசுங்கினால், பழி உடனே பிளாஸ்டிக்கின் மேல் விழுகிறது. பெரும்பாலும் குற்றம் அதைப் புதைத்த விதத்தில்தான். கான்கிரீட் குழாய் பெருமளவு தன் பலத்தாலேயே சுமை தாங்கும். பிளாஸ்டிக் குழாயோ லாரி ஏறும்போது சற்று அமுங்கி, பக்கவாட்டில் விரியும். அங்கே இறுகிய மண் எதிர்த்து நின்றால்தான் வடிவம் நிலைக்கும். 1941-இல் அமெரிக்காவின் அயோவாவில் ஸ்பாங்லர் என்ற பொறியாளர் வகுத்த சூத்திரமும் இதைத்தான் கணக்காக்கியது. நன்கு இறுக்கிய நிரப்பில், மண் தரும் எதிர்ப்பு குழாயின் சொந்த விறைப்பைப் போலப் பல மடங்கு.

தடித்த குழாய் போட்டால் போதாதா? ஓரளவு உதவும், மண்ணை இறுக்குவதற்கு ஈடாகாது. தோண்டிய மண்ணையே போட்டு மூடினால் செலவு மிச்சம் என்ற வாதம் கொங்கு நாட்டில் இன்னும் ஆபத்தானது. இங்கே பல இடங்களில் இருப்பது கரிசல். ஐப்பசி மழையில் உப்பி, சித்திரை வெயிலில் வெடித்து, குழாயின் பக்கத்துணையை அது பறித்துவிடும். மணலோ கிரஷர் துகளோ கொண்டுவந்து, இருபுறமும் சமமாக, அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். குழாயின் அடிவளைவுக்குக் கீழே கையை விட்டுத் திணிப்பதுதான் கடினம். அவசரத்தில் விட்டுப்போவதும் அதுவே. கூரான கல் ஒன்று சுவரை அழுத்திக்கொண்டிருந்தால், அந்தப் புள்ளியில் வருடக்கணக்கில் மெல்ல விரிசல் வளரும். வழக்கமான வரம்பு விட்டத்தில் 5 சதவீத அமுங்கல். மூடிய சில வாரங்களுக்குப் பின் உள்ளே அளந்தால் வேலையின் லட்சணம் தெரிந்துவிடும்.