வாடிய பயிரில் நோய்க்கிருமியை இனங்காணல்
கிராம் எதிர்ப் பற்றீரியாவுக்குரிய ஆய்வுகூடச் சோதனைகள்

உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி ஆகிய பயிர்கள் இலையின் பசுமை மாறுமுன்னரே சடுதியாக வாடி மடிவதுண்டு. நீர்க்குறைவு, வேர்முடிச்சு வட்டப்புழு, பங்கசு, பற்றீரியா ஆகிய யாவும் வாட்டத்தை உண்டாக்கவல்லன. காரணம் பற்றீரியாவாயின், பங்கசுநாசினி தெளிப்பதால் பணநட்டமே மிஞ்சும். நோயுற்ற தோட்டத்துக் கிழங்கை விதைக்கென வைத்தலால் விளையும் நட்டம் அதனினும் பெரிது. வெளித்தோற்றத்திற் குறையற்ற கிழங்கினுள்ளும் கிருமி மறைந்திருந்து, அடுத்த போகத்தில் நோயற்ற நிலத்தையும் கெடுத்துவிடும். ஆகவே, கிருமி இன்னதென இனங்காணுதல் முதற் கடமையாகும்.

பற்றீரியா வாடலை உண்டாக்குவது றல்ஸ்ரோனியா சொலனேசியாறம் என்னும் கிருமி. 1896ஆம் ஆண்டில் எர்வின் சிமித்து என்னும் அமெரிக்க அறிஞர் இதனை விவரித்தார். முன்னர் சூடோமோனசு என்னும் சாதியில் வைக்கப்பட்டிருந்த இது, 1995ஆம் ஆண்டில் இப்பெயர் பெற்றது. இது கிராம் எதிர் வகையைச் சேர்ந்தது.

தோட்டத்திற் செய்யத்தக்க சோதனை

வாடிய செடியின் அடித்தண்டில் விரல் நீளத் துண்டொன்றை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் நீரைத் தொடுமாறு அசையாது பிடித்தல் வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால்போன்ற நூலிழைகள் கீழ்நோக்கி இறங்குமாயின், பற்றீரியா வாடலெனக் கருதலாம். பங்கசு வாடலில் தண்டின் உட்பகுதி கபில நிறமடையினும் இவ்விழைகள் தோன்றா.

கிராம் சாயமூட்டல்

இம்முறையை 1884ஆம் ஆண்டில் வெளியிட்டவர் கிறித்தியன் கிராம் என்னும் தென்மார்க்கு வைத்தியராவர். இக்காலத்தில் இது பின்வருமாறு செய்யப்படுகின்றது:

1. புதிதாக வளர்ந்த பற்றீரியாவைக் கண்ணாடி வழுக்கியில் ஒரு துளி நீரில் மெல்லியதாகப் பூசி, உலரவிட்டு, சுவாலையின் மேலாக விரைவாகச் செலுத்திப் பதித்தல்.
2. பளிங்கூதாச் சாயத்தை ஒரு நிமிடம் இட்டுக் கழுவுதல்.
3. அயடீன் கரைசலை ஒரு நிமிடம் இட்டுக் கழுவுதல்.
4. ஊதா நிறம் வடிவது நிற்கும் வரை, சில செக்கன்களுக்கு, அற்ககோலால் கழுவி, உடனே நீர் ஊற்றுதல்.
5. சபிரனின் என்னும் செஞ்சாயத்தை ஏறத்தாழ ஒரு நிமிடம் இட்டுக் கழுவி, உலர்த்தி, நுணுக்குக்காட்டியில் நோக்குதல்.

கிராம் நேர் வகையின் கலச்சுவர் தடித்ததாகையால் ஊதாச் சாயத்தை விடாது பற்றியிருக்கும். கிராம் எதிர் வகையின் சுவர் மெல்லியது. அதன் வெளிமென்சவ்வை அற்ககோல் குலைக்க, ஊதா நிறம் நீங்கிச் செந்நிறம் ஏறும். அற்ககோல் மிகையாயினும், வளர்ப்புப் பழையதாயினும், கிராம் நேர் வகையும் செந்நிறமாய்த் தோன்றி ஏமாற்றும். ஆதலின், வகை தெரிந்த இரு பற்றீரியாக்களையும் உடன் சாயமூட்டி ஒப்பிடல் வேண்டும்.

நுணுக்குக்காட்டி இல்லாவிடத்து, நூற்றுக்கு 3 வீதமான பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இரு துளியை வழுக்கியில் இட்டு, பற்றீரியாவைச் சிறு குச்சியாற் கலக்கலாம். குச்சியை உயர்த்துகையில் பிசின்போல் நூலிழுபடின் அது கிராம் எதிர் வகை. கலச்சுவர் உடைந்து கலத்தினுள்ளிருந்த பொருள் வெளிவருதலே இதற்குக் காரணம். இக்கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்குமாதலால் அவதானம் தேவை.

முடிபு கூறுமுன்

குளிர்நாடுகளில் உருளைக்கிழங்கைத் தாக்கும் வளைய அழுகல் நோயும் கிழங்கினுள் ஏறத்தாழ இதே தோற்றத்தைக் காட்டும். ஆயின் அதன் கிருமி கிராம் நேர் வகையாதலால், சாயமூட்டல் இரண்டையும் பிரித்துக் காட்டும். மென்னழுகற் கிருமியோ கிராம் எதிர் வகையே. எனவே, சாயமூட்டல் ஒன்றால் மட்டும் கிருமியின் பெயரைக் கூறுதல் தகாது. ஒட்சிடேசுச் சோதனையில் வாடற் கிருமி கருநீல நிறம் காட்டும். மென்னழுகற் கிருமி காட்டாது. 1954ஆம் ஆண்டில் கெல்மன் விவரித்த தெத்திரசோலியம் ஊடகத்தில், நோயூட்டும் வாடற் கிருமி ஒழுங்கற்ற வெண்ணிறக் குழம்புத் துளிகளாய், நடுவில் இளஞ்சிவப்புடன் வளரும்.

சோதனை கற்பிக்கும் செய்கை

பற்றீரியா வாடல் உறுதியாயின், வாடிய செடியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. செடியை வேரோடும் சூழ்ந்த மண்ணோடும் அகற்றி அழித்தல் வேண்டும். அப்பாத்தியின் நீர் பிற பாத்திகளுக்குப் பாய விடலாகாது. அந்நிலத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், புகையிலை ஆகியவற்றைத் தொடர்ந்து நடாது, நெல், சோளம் முதலியவற்றை மாற்றுப் பயிராகச் செய்தல் நன்று. விதைக்கிழங்கு, சோதித்து உறுதிப்படுத்தப்பட்டதாக இருத்தல் வேண்டும்.

மாதிரி அனுப்புவோர், வாடத் தொடங்கிய செடியை உலருமுன் வேரோடு எடுத்து, தாளிற் சுற்றி, பயிர், இடம், திகதி ஆகியவற்றைக் குறித்து, விவசாயப் போதனாசிரியரிடம் தாமதமின்றி ஒப்படைத்தல் வேண்டும். அழுகிய செடியில் வேறு பற்றீரியாக்கள் பெருகி, உண்மைக் கிருமியை மறைத்துவிடும்.