கைவிடப்பட்ட புல்வெட்டும் இயந்திரம்

அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வீட்டுக்காரர் தமக்கு வேண்டாத பெரும் பொருள்களை வீதியோரத்தில் வைத்துவிட, நகரசபையார் அவற்றை வண்டியில் ஏற்றிச்செல்லும் வழக்கம் உண்டு. உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய மெத்தைகளுக்கும் நடுவே புல்வெட்டும் இயந்திரம் ஒன்றும் அடிக்கடி காணப்படும். சக்கரங்கள் நான்கும் இருக்கும், கைபிடியில் துருவேறியிருக்கும், கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் உயிர்க்காது. வண்டி வருமுன் அதனை எடுத்துச் செல்வோருட் சிலர் ஒரு மாலைப்பொழுதிலேயே அதனை ஓடவைத்துவிடுகின்றனர். வேறு சிலர் மாதக்கணக்கிற் பாடுபட்டு, உதிரிப்பாகங்களுக்குப் பணமும் இறைத்து, ஈற்றில் தாமும் அதனை வீதியோரத்திலேயே வைக்கின்றனர். இவ்விரு சாராரையும் வேறுபடுத்துவது கைத்திறன் என்பதிலும் பார்க்க, திருகாணி ஒன்றைக் கழற்றுமுன் எஞ்சினை மதிப்பிடும் அறிவு எனலாம்.

பழம்பொருளிலிருந்து புதுப்பயன் காண்பது இந்த இயந்திரத்தின் வரலாற்றுக்கும் புதிதன்று. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் என்னும் ஊரில் எட்வின் பட்டிங் என்பார், நெசவாலைகளிற் கம்பளித் துணியின் மயிரைச் சீராக நறுக்கும் பொறியைக் கண்டு, அதே முறையிற் புல்லை நறுக்கும் இயந்திரத்தை 1830இல் அமைத்தார். அது மனிதர் தள்ளுவது. எஞ்சின் பின்னரே வந்தது. சிட்னியில் மேர்வின் விக்ரர் றிச்சாட்சன் 1952இல் அமைத்த முதல் மாதிரியில், பீச் பழம் அடைத்துவந்த தகரப்பேணியே பெற்றோல் தாங்கியாயிற்று. அதிலிருந்து பிறந்த விக்ரா இயந்திரம் அந்நாட்டு வீட்டு முற்றங்களிலெல்லாம் ஒலித்தது.

எஞ்சின் ஓடுவதற்கு வேண்டுவன மூன்று: எரிபொருள், அதனைப் பற்றவைக்கும் பொறி, கராஜ்களில் 'கொம்பிறசன்' என்று வழங்கும் நெருக்கம். இவற்றுள் முதலிரண்டும் கெட்டிருப்பின் கவலையில்லை. அவை எஞ்சினின் வெளிப்புறத்து உறுப்புகளைச் சார்ந்தவை. துடைத்தோ மாற்றியோ சீராக்கலாம். நெருக்கமோ சிலிண்டர், பிஸ்ரன், றிங், வால்வு ஆகிய உள்ளுறுப்புகளின் நலனைக் காட்டுவது. ஆகவே அனுபவமுள்ளவர் முதலில் நெருக்கத்தையே நோக்குவர். அனுபவமில்லாதவரோ புதிய பிளக் வாங்கக் கடைக்கு ஓடுவர்.

எதற்கும் முன்னதாகப் பிளக்கின் கம்பியைக் கழற்றி அப்பால் ஒதுக்கிவைத்தல் வேண்டும். பல ஆண்டுகள் செத்துக் கிடந்த எஞ்சினும், அடியிலுள்ள அலகைக் கையால் திருப்பும்போது ஒருகணம் உயிர்த்து விரல்களைக் கொண்டுபோய்விடக்கூடும். தேர்ந்த கைவினைஞரும் இந்த ஒரு விடயத்தில் அவசரப்பட்டு வருந்தியிருக்கின்றனர்.

கம்பியைக் கழற்றியபின் கயிற்றை மெதுவாக இழுத்தால் ஓரிடத்திற் கை தடைப்படவேண்டும். தடை சற்றுமில்லையெனின் உடனே நம்பிக்கை இழக்கலாகாது. ஏனெனில், கயிறு இழுப்பது எளிதாதற்பொருட்டு, மெதுவாகச் சுழலும்போது நெருக்கத்தைச் சிறிது கசியவிடும் அமைப்புப் பல நான்கடிப்பு எஞ்சின்களில் உண்டு. அத்தகையவற்றில் மேல்மூடியை அகற்றி, பாரச்சில்லைக் கையால் எதிர்ப்புறமாக வேகத்துடன் சுழற்றிவிடவேண்டும். நல்ல எஞ்சினாயின் சில்லு தடையில் மோதிப் பந்துபோலத் துள்ளித் திரும்பும். தேய்ந்ததாயின் சோம்பலாக உருண்டு நிற்கும்.

சோம்பலுக்குக் காரணம் யாது என்று அறிவதற்கும் ஓர் எளிய வழி உண்டு. பிளக்கின் துளை வழியே சிறு கரண்டியளவு எண்ணெயை உள்ளே விட்டு மீண்டும் சோதித்தால் நெருக்கம் கூடுகின்றதா என்பது தெரியும். கூடுமாயின், எண்ணெய் இடைவெளியை அடைத்ததென்றும், ஆதலின் றிங்குகளோ சிலிண்டரோ தேய்ந்தனவென்றும் கொள்ளலாம். மாற்றமில்லையெனின் குற்றம் வால்விலோ தலைப்பாகத்துக் காஸ்கெற்றிலோ இருக்கும். நெடுநாள் ஓடாது கிடந்த எஞ்சினில் வால்வு இறுகித் திறந்தபடியே நிற்பதும் உண்டு. அது எண்ணெயிட்டு மெல்லத் தட்டுவதாற் சரியாகிவிடுவது.

அடுத்ததாக எண்ணெயைப் பார்க்கவேண்டும். கறுத்திருப்பது குற்றமன்று, பழைய எண்ணெய் கறுத்தே இருக்கும். பால்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. பெற்றோல் மணத்துடன் அளவுக்கு மேல் நிறைந்திருந்தால் காபரேற்றரின் மிதவை வால்வு அடைபடாது எரிபொருளைக் கசியவிடுகின்றது. வெயிலிற் பிடித்துப் பார்க்கையில் வெள்ளிப்பொடி தூவியதுபோல மின்னினால், உள்ளே உலோகம் உலோகத்தை அரைத்துக்கொண்டிருக்கின்றது. அத்தகைய எஞ்சினை விட்டுவிடுவதே நன்று. விக்ரா போன்ற ஈரடிப்பு எஞ்சின்களில் இச்சோதனைக்கு இடமில்லை. அவற்றில் எண்ணெய் பெற்றோலுடனேயே கலக்கப்படுகின்றது. எண்ணெய் கலக்க மறந்து ஓட்டியவர் எவரேனும் முன்பு இருந்தாரா என்பதை அறிய, புகைபோக்கியைக் கழற்றி அத்துளை வழியே பிஸ்ரனின் பக்கத்தை நோக்கவேண்டும். நெடுக்காக ஆழ்ந்த கீறல்கள் தெரிந்தால் விடை கிடைத்துவிடும்.

நெருக்கமும் எண்ணெயும் நன்றாயிருந்தும் எஞ்சின் கயிற்றை எதிர்த்து உதைக்குமாயின், அலகு கல்லிலோ மரவேரிலோ மோதியிருக்கக்கூடும். பாரச்சில்லையும் தண்டையும் பிணைப்பது மெல்லிய உலோகத்தாலான சிறிய ஆப்பு. பெரிய மோதலின்போது விலையுயர்ந்த உறுப்புகளுக்குப் பதிலாக அதுவே வெட்டுப்படும். பொறி விழும் நேரமும் பிறழும். வெகு சொற்ப விலையுள்ள இந்த ஆப்பு அறியப்படாமையால் வீசப்பட்ட நல்ல எஞ்சின்கள் அநேகம். ஆனால் அதே மோதலிற் தண்டு வளைந்திருந்தால் நிலைமை வேறு. பிளக்கை முற்றாகக் கழற்றி, ஒருவர் கயிற்றை மெல்ல இழுக்க, மற்றவர் விலகி நின்று தண்டின் நுனியை நோக்கினால் அதன் ஆட்டம் புலப்படும். வளைந்த தண்டைச் சம்மட்டியால் நிமிர்த்துவோர் உண்டு. அது நிமிர்ந்ததுபோலத் தோன்றிப் பின்னர் ஓட்டத்தின்போது முறியக்கூடும். சுழலும் அலகு அதன் நுனியிலேயே பூட்டப்பட்டிருக்கிறது என்பதை நினைக்கவேண்டும்.

இச்சோதனைகளிற் தேறிய எஞ்சின் ஓடாமைக்குப் பெரும்பாலும் காரணம் பழைய பெற்றோல். அது மாதக்கணக்கிற் தேங்கும்போது ஆவியாகக்கூடியது போய், பிசின் போன்ற கசடு காபரேற்றரின் ஜெற் துளையை அடைக்கும். இக்காலத்துப் பெற்றோலில் எதனோல் கலந்திருக்குமிடத்து அது ஈரத்தையும் ஈர்த்து உலோகத்தை அரிக்கும். துளையை மென்மையான செப்புக் கம்பியின் ஒற்றை இழையாற் குத்தித் துப்புரவாக்கலாம். உருக்கு ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும்.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் நீர் இறைத்த சிறு எஞ்சின்களும் இதே குலத்தைச் சேர்ந்தவை. அவற்றுட் பல பெற்றோலிற் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடுமாறு அமைந்தவை. 1990ஆம் ஆண்டுகளில் எரிபொருட் தடையாற் பெற்றோல் அரிதானபோது, பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சில துளி பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயிலே ஓடின. மண்ணெண்ணெய் ஆவியாவதற்குச் சூடு வேண்டும்; குறைந்த நெருக்கமுள்ள பழைய எஞ்சின்களே அதனைப் பொறுத்தன. புதுமையும் வலுவும் மிக்கவை இடித்து முழங்கின. எனினும் பழையவற்றிலும் எரியாத மண்ணெண்ணெய் சுவர்வழியே கீழிறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்தது. அவ்வாறு உழைத்த எஞ்சின் இன்று எவர் கைக்கேனும் வருமாயின், எத்துணை நன்றாக உதைத்து எழும்பினும், தண்டின் தாங்கிகளைப் பாராமல் விலை பேசுதல் தகாது.

உயிர்ப்பித்த எஞ்சினைத் திறந்த வெளியிலேயே முதன்முறை ஓட்டவேண்டும்; மூடிய அறையில் அதன் புகை உயிருக்கே ஆபத்து. தொடக்கத்தில் எழும் புகையைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. சோதனைக்கு விட்ட எண்ணெயும் இயந்திரத்தைச் சரித்தபோது வழிந்ததும் எரிந்து தீரச் சில நிமிடங்கள் செல்லும். கரும்புகையாயின் காற்று வடியைப் பார்க்கவேண்டும். நீலப்புகை நீடிக்குமாயின் றிங்குகள் தேய்ந்துள்ளன. ஆயினும் சிறு முற்றமொன்றுக்கு அவ்வெஞ்சின் இன்னும் சில ஆண்டுகள் போதுமாயிருக்கும். ஒரு மணிநேரம் ஓடியபின் எண்ணெயைச் சூட்டோடு வடித்து, மீண்டுமொருமுறை வெயிலிற் பிடித்துப் பார்த்துவிட்டு, புது எண்ணெய் நிரப்பலாம்.