பட்டணவாசலில் நீதி: தென்னாப்பிரிக்க உண்மை ஆணையம் பற்றிச் சில சிந்தனைகள்

அரசு மக்களின் ஆதரவைப் பெறுவதும் அது நீதியை நடப்பிப்பதும் ஒன்றே என நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 15-ஆம் அதிகாரம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. அப்சலோம் அதிகாலையில் எழுந்து பட்டணவாசலண்டை நிற்கிறான். வழக்கோடு வருகிறவனை அழைத்து அவன் ஊரை விசாரிக்கிறான். வழக்கு நியாயமானதுதான், ஆனால் அதைக் கேட்க அரசன் ஒருவரையும் வைக்கவில்லை என்று பரிதாபப்படுகிறான். ஒரு வழக்கையேனும் அவன் தீர்த்துவைத்ததாகத் திருமறை கூறவில்லை. எனினும் இஸ்ரவேலரின் உள்ளம் அவன்பால் சென்றது.

இது எவ்வாறு கூடிற்று என்பதற்கு விடை 13-ஆம் அதிகாரத்தில் உள்ளது. தாமாருக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கேட்டு தாவீது மிகுந்த கோபங்கொண்டான். ஆனால் ஒன்றும் செய்யவில்லை. தன் வீட்டில் கேட்ட அழுகைக்கே தீர்ப்பளியாத அரசன், ஊராரின் வழக்குகளுக்குச் செவிகொடுப்பான் என்று யார் நம்புவர்? அப்சலோம் திருடியது உண்மையே. ஆனால் வாசலைக் காவலின்றி விட்டவன் அரசன்.

இந்தப் பின்னணியில் நம் காலத்து நிகழ்ச்சியொன்றை ஆராய விரும்புகிறோம். 1994 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது. நெல்சன் மண்டேலா அதிபரானார். புதிய அரசுக்கு மக்கள் ஆதரவு பெருவெள்ளமாய் இருந்தது. ஆனால் படையும் காவல்துறையும் இன்னும் பழைய ஆட்சியில் பயின்றவர்களின் கையிலேயே இருந்தன. குற்றவாளிகளையெல்லாம் தண்டிப்போம் என்று அறிவித்திருந்தால் ஆட்சி மாற்றமே நடந்திராது என்பது பேச்சுவார்த்தையில் ஈடுபட்டிருந்தோர் அறிந்த செய்தி. ஆகவேதான் 1993-ஆம் ஆண்டு இடைக்கால அரசியலமைப்பின் முடிவுரையில், அரசியல் நோக்கத்தோடு செய்யப்பட்ட குற்றங்களுக்குத் தண்டனை விலக்கு உண்டு என்ற வாக்குறுதி இடம் பெற்றது. அவ்வாக்குறுதியை எப்படி நிறைவேற்றுவது என்பதற்கே 1995-ல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அமைந்த உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையத்திற்குப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைவரானார். உறுப்பினர் பதினேழு பேர். அவர்களுக்கான பெயர்கள் பொதுமக்களிடமே கேட்கப்பட்டன. நேர்காணல்களும் பலரறிய நடந்தன. குற்றவாளிகளின் விசாரணையை மூடிய அறையில் நடத்தும் எண்ணமும் முதலில் இருந்தது. மனித உரிமை அமைப்புகள் விடாது எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. இதனை நாம் சிறிய செய்தியாக எண்ணலாகாது. மறைவில் வழங்கப்படும் இரக்கத்தை மக்கள் சலுகை என்றே கொள்வர்.

இங்கே சொல்லைப் பற்றி ஒன்று கூறவேண்டும். தமிழில் இதனைப் ‘பொதுமன்னிப்பு’ என மொழிபெயர்ப்பது வழக்கம். அச்சொல் நம்மை வழிதவறச் செய்கிறது. முதலாவது, இது பொதுவானதன்று. ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பித்து, 1960 மார்ச் முதல் 1994 மே வரையுள்ள காலத்தில் தாம் செய்தவற்றை முழுவதும் வெளிப்படுத்தி, அவை அரசியல் நோக்கமுடையவை என்று காட்டவேண்டியிருந்தது. இரண்டாவது, இது மன்னிப்புமன்று. குற்றவாளி வருந்தவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவர் மன்னிக்கவேண்டும் என்றும் கேட்கவில்லை. மன்னிக்கும் உரிமை கடவுளுக்கும் காயப்பட்டவருக்கும் உரியது. அரசிடம் இருப்பது தண்டனையை விலக்கும் அதிகாரம் மட்டுமே. டூட்டு அவர்கள் மன்னிப்பைப் பற்றி அடிக்கடி பேசியதால் இவ்விரண்டும் கேட்போர் உள்ளத்தில் கலந்துவிட்டன என்று குறை கூறியவர் உண்டு. அக்குறையில் நியாயம் இருப்பதாகவே நாம் கருதுகிறோம்.

1996 ஏப்ரல் 15-ஆம் நாள் ஈஸ்ட் லண்டன் நகர மண்டபத்தில் முதல் அமர்வு தொடங்கிற்று. அவ்வாரத்தில் சாட்சி கூறியவர்களுள் நொமொண்டே கலாட்டா ஒருவர். அவருடைய கணவர் ஃபோர்ட் கலாட்டாவும் வேறு மூவரும் 1985 ஜூன் 27 அன்று பாதுகாப்புக் காவல்துறையினரால் கொல்லப்பட்டனர். ‘கிராடாக் நால்வர்’ என நாடு அவர்களை அறியும். சாட்சியின் நடுவே அவர் பின்னுக்குச் சாய்ந்து எழுப்பிய அலறலே ஆணையத்தின் உண்மையான தொடக்கம் என்று பலர் எழுதினர். வானொலி அதனை நாடெங்கும் ஒலிபரப்பியது. சாட்சிகள் தத்தம் தாய்மொழியிலேயே பேசினர். பல்லாண்டுகளாக எந்த அலுவலகத்தில் நுழைந்தாலும் விரட்டப்பட்டவர்கள், அரசின் முன் அமர்ந்து பேச, அரசு எழுதிக்கொண்டது. 21,000-க்கும் மேற்பட்டோர் வாக்குமூலம் அளித்தனர். திருச்சபைகளும் தப்பவில்லை: 1997 நவம்பரில் சமய நிறுவனங்களுக்கென்றே தனி அமர்வு நடந்தது. இன ஒதுக்கலுக்கு வேத ஆதாரம் காட்டிய டச்சு சீர்திருத்தத் திருச்சபையும் அதில் வந்து பேசிற்று. இறையியல் கல்லூரிகளில் பயில்வோர் மறவாதிருக்கத்தக்க நிகழ்ச்சி அது.

கேட்பது நீதியின் பாதி எனலாம். மற்றப் பாதி என்னவாயிற்று?

கொலையுண்டோரின் குடும்பத்தினர் சிலர், காவலில் 1977-ல் இறந்த ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தாரும் உட்பட, இச்சட்டமே செல்லாது என வழக்குத் தொடுத்தனர். 1996 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. தண்டனை விலக்குப் பெற்றவர்மேல் குற்ற வழக்கு மட்டுமன்றி இழப்பீட்டு வழக்கும் தொடுக்க இயலாது என்பது இதன் பொருள். குடும்பங்களின் கையிலிருந்த உரிமையை அரசு எடுத்துக்கொண்டது. ஆகவே ஈடுசெய்யும் கடனும் அரசின்மேல் வந்தது. அக்கடன் எவ்வாறு தீர்க்கப்பட்டது? ஆணையம் ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கப் பரிந்துரைத்தது. 2003-ல் அரசு அறிவித்ததோ ஒருமுறை மட்டும் 30,000 ராண்ட்.

தண்டனை விலக்குக் கோரியவர் 7,112 பேர்; பெற்றவர் 849 பேர். விலக்குப் பெறாதவரும் விண்ணப்பியாதவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவர் என்பதே ஏற்பாட்டின் மறுபக்கம். அந்த அச்சம் இல்லையெனில் உண்மை கூற யார் முன்வருவர்? ஏறக்குறைய 300 வழக்குகள் அரசு வழக்குத் தொடுப்போரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றுள் நீதிமன்றம் சென்றவை மிகச் சில. கிராடாக் நால்வரைக் கொன்ற காவலருக்கு 1999-ல் விலக்கு மறுக்கப்பட்டது. ஆயினும் இக்கொலைக்காக அவர்களில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

ஆணையத்தை முற்றும் பழிப்பார் கூற்றோடு நாம் உடன்படவில்லை. 1998 அக்டோபரில் அறிக்கை வெளிவரும் வேளையில், ஆளுங்கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரசே தன் குற்றங்களும் அதில் எழுதப்பட்டதைக் கண்டு நீதிமன்றத்தை நாடித் தடுக்க முயன்று தோற்றது. மண்டேலா அறிக்கையைப் பெற்றுக்கொண்டார். தன்னைக் கண்டிக்கும் ஏட்டைத் தானே வாங்கிக்கொள்ளும் அரசுக்கு மக்கள் காட்டும் மதிப்பு, அப்சலோமுக்குக் கிடைத்ததினின்று வேறானது. ஆனால் அம்மதிப்பு முன்பணம் போன்றது. பின்வந்த ஆட்சியினர் அதனைச் செலவழித்தனரேயன்றி மீதிக் கடனைச் செலுத்தவில்லை.

2 சாமுவேல் 21-ல் ரிஸ்பாள் தன் பிள்ளைகளின் உடல்களைப் பறவையும் விலங்கும் அணுகாதபடி மலையின்மேல் காத்திருந்தாள். அவள் அரசனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் செய்ததைக் கேள்விப்பட்ட தாவீதுதான் எழுந்துபோய் எலும்புகளைச் சேர்த்து அடக்கம்பண்ணுவித்தான். ஆணையத்தின் முன்னும் தாய்மார் பலர் கேட்டது எலும்புகளையே. 2005-ல் அமைக்கப்பட்ட காணாமற்போனோரைத் தேடும் குழு, அடையாளமின்றிப் புதைக்கப்பட்டவர்களை இன்னார் எனக் கண்டறிந்து குடும்பத்தாரிடம் ஒப்படைத்து வந்திருக்கிறது. வழக்குகளின் நிலையோ வேறு. 2025-ல் 25 குடும்பங்கள் அரசின்மேல் வழக்குத் தொடுத்தபின், இவ்வழக்குகள் நடவாதபடி எவரேனும் தடுத்தனரா என ஆராய அதிபர் சிரில் ராமபோசா விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தார். அதே ஆண்டு ஜூனில் கிராடாக் நால்வரின் மரண விசாரணையும் மீண்டும் திறக்கப்பட்டது. கொலை நடந்து அப்போது நாற்பது ஆண்டுகள்.