வெள்ளிக் காளைக்குள்ளே என்ன இருக்கிறது?

வெள்ளி ரிஷப வாகனத்தில் சுவாமி புறப்பாடு பார்த்திருப்பீர்கள். பளபளவென்று மின்னுகிற அந்தக் காளை முழுக்க முழுக்க வெள்ளிதானா?

பெரும்பாலும் இல்லை. உள்ளே இருப்பது மரம்! அத்தனையும் வெள்ளி என்றால் தோளில் சுமந்து வீதி சுற்ற முடியுமா, சொல்லுங்கள்? அதனால் காளையை முதலில் மரத்தில் செதுக்கிவிடுகிறார்கள். திமில், கழுத்து மடிப்பு எல்லாம் மரத்திலேயே வந்துவிடும்.

அப்புறம்தான் வெள்ளித் தகடு. அதை அரக்கின் மேல் கவிழ்த்து வைத்து, பின்பக்கமிருந்து சிற்றுளியால் தட்டித் தட்டிப் பூவையும் மணியையும் புடைக்க வைப்பார் கைவினைஞர். தட்டத் தட்ட வெள்ளி விறைத்துப்போகும். நெருப்பில் காட்டினால் மறுபடி இளகிக் கொடுக்கும். திரும்பவும் தட்டல், திரும்பவும் நெருப்பு. அந்தப் பொறுமைக்கே ஒரு கும்பிடு போடலாம்!

கடைசியில் தகடுகளை மரத்தின் மேல் போர்த்தி, பொடி ஆணிகளால் பொருத்துவார்கள். கும்பகோணத்தில் இன்றும் இந்த வேலை நடக்கிறது.

அடுத்த திருவிழாவில் வாகனத்துக்குப் பக்கத்தில் நிற்க வாய்த்தால், தகடுகள் சேருகிற இடத்தை உற்றுப் பாருங்கள். குட்டிக் குட்டி ஆணித்தலைகள் கண்ணில் படும்.