தனுக்கோடி இருப்புப்பாதையின் தோற்றமும் மறைவும்

தனுக்கோடி இருப்புப்பாதையை அழித்தது 1964 திசம்பர் 22 ஆம் நாள் இரவு வீசிய புயலே என்பது பொதுவழக்கு. இக்கூற்று ஓரளவே பொருந்தும். பாதையைக் கடல் கொண்டது உண்மை. ஆயின், கொண்டதை மீட்பதா கைவிடுவதா என்பது மாந்தர் செய்த முடிபாகும். அம்முடிபின் பின்புலத்தை ஈண்டு ஆராய்வாம்.

தமிழகத்தினின்று கொழும்பு செல்வோர் முன்னர்த் தூத்துக்குடியிற் கப்பலேறினர். 1914 பிப்ரவரியிற் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றதும் இந்நிலை மாறிற்று. சென்னையிற் புறப்பட்ட வண்டி தனுக்கோடித் துறை வரை சென்றது. அங்கிருந்து ஏறத்தாழ 20 மைல் கடலை நீராவிக் கப்பலிற் கடந்தோர், தலைமன்னாரில் இலங்கை வண்டி ஏறினர். மக்கள் இதனைப் ‘போட் மெயில்’ என்றனர். பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. தனுக்கோடி செல்வதே முதன்மைப் பாதை. இராமேசுவரம் செல்வது கிளை. பழம்பெருந் தலம் கிளையாகவும் மணல் திட்டின் முனை தலைமையாகவும் அமைந்தமை, இப்பாதை யாத்திரிகரினும் கடல் கடப்போரையே கருதி இடப்பட்டது என்பதற்குச் சான்றாகும்.

கடல் கடந்தோருள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர். மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் தங்கிய பின்னரே அவர்கள் இலங்கைக்கு விடப்பட்டனர். மலையகத் தமிழரின் வாய்மொழி வழக்காறுகளை ஆராய்வோர் இவ்வழியையும் முகாமையும் நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

புயலிரவில் பாம்பனிலிருந்து தனுக்கோடி நோக்கிச் சென்ற பயணியர் வண்டியை அலை அடித்துச் சென்றது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊரும் துறையும் நிலையமும் பாழாயின. பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்களுட் பெரும்பாலன கடலில் வீழ்ந்தன. பாலத்தைச் செப்பனிட முதலில் ஆறு திங்கள் குறிக்கப்பட்டது, பொறியாளர் ஈ. சிரீதரன் பொறுப்பில் அப்பணி 46 நாட்களில் முடிந்தது. இத்துணை விரைவாகப் பாலத்தை மீட்டவர்கள் அதற்கப்பால் தனுக்கோடிப் பாதையை மீட்கவில்லை. ஊர் வாழத்தகாதது என அரசு அறிவித்தது. கப்பல் துறை இராமேசுவரத்துக்கு மாறிற்று. கிளை முதன்மையாயிற்று, முதன்மை மணலுள் மறைந்தது.

புயலுக்கு இரண்டு திங்கள் முன்னர், 1964 அக்டோபர் 30 இல், சிறிமாவோ–சாத்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவர் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. இதனைப் பாதையின் மூடலுக்குக் காரணமெனக் கூறுதல் மிகையாகும். எனினும் தொழிலாளர் பிழைப்புத் தேடிச் சென்ற காலம் முடிந்து, அவர்தம் வழித்தோன்றல்கள் திருப்பி அனுப்பப்படும் காலம் அப்போது தொடங்கியது என்பது தெளிவு. திரும்பியோர் இராமேசுவரத்தில் இறங்கினர்; அவர்தம் முன்னோர் தங்கிய மண்டபமே அவர்களையும் ஏற்றது. 1983க்குப் பின் ஏதிலியரும் அங்கேயே தங்கவைக்கப்பட்டனர். கப்பற் போக்குவரத்தோ 1980களில் இலங்கைப் போரால் நின்றது.

போரால் அறுபட்ட தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. தனுக்கோடிப் பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினர், தண்டவாளம் இடப்படவில்லை. இராமேசுவரத்திலிருந்து சென்னை செல்லும் இரவு வண்டியை மட்டும் மூத்தோர் இன்றும் ‘போட் மெயில்’ என்றே வழங்குகின்றனர்.