நீரடிமுத்து கற்பிக்கும் பாடம்



கோடை வந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நம் பக்கத்து ஊர்களில் எல்லாம் சிறு பிள்ளைகளுக்கு வேனற்கட்டியும் சிரங்கும் வந்துவிடும். பாட்டிமார் குப்பைமேனி இலையைப் பறித்து உப்புடன் அரைத்துப் பூசுவார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவிக் குளிப்பாட்டுவார்கள். இவை நாம் அறிந்த கைவைத்தியங்கள். நம்மில் பலர் அறியாத ஒரு விதையும் உண்டு. அதுதான் நீரடிமுத்து.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் வளரும் மரம் இது. மலையாளத்தில் மரோட்டி என்பார்கள். இதன் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயைச் சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் தொழுநோய்க்கு மருந்தாகப் பயன்படுத்தினார்கள். தொழுநோய் சாபத்தால் வருவதன்று. பாக்டீரியா எனும் நுண்கிருமியால் வருவது. தோலையும் நரம்பையும் தாக்கும் அக்கிருமியை 1873-இல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் கண்டறிந்தார்.

இந்த எண்ணெயில் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. குடித்தால் குமட்டும். ஊசியாகப் போட்டால் உடம்பில் கரையாமல் தோலுக்கடியில் கட்டி கட்டியாக நின்று வலிக்கும். மருந்து இருந்தும் நோயாளிகள் அதைத் தாங்க முடியாமல் தவித்தார்கள்.

இச்சிக்கலைத் தீர்த்தவர் யார் தெரியுமா? 23 வயது நிரம்பிய ஒரு பெண்! ஹவாய்த் தீவுகளைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். புனித தமியான் தொழுநோயாளரிடையே வாழ்ந்து, அந்நோய்க்கே ஆளாகி, 1889-இல் உயிர் நீத்தது அங்கேதான். அன்னை மரியான் கோப் தம் சகோதரிகளுடன் 1883-இல் சென்று பணிபுரிந்ததும் அங்கேதான். அதே ஹவாயின் கல்லூரியில் 1915-இல் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண் ஆலிஸ் பால் என்ற கறுப்பின நங்கை. நீரடிமுத்தின் இனத்தைச் சேர்ந்த சால்முக்ரா மரத்தின் எண்ணெயை அவர் ஆராய்ந்தார். அதிலுள்ள கொழுப்பு அமிலங்களைப் பிரித்து, உடம்பு ஏற்றுக்கொள்ளும் எத்தில் எஸ்டராக மாற்றினார். சில ஆண்டுகளில் 78 நோயாளிகள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினர். அதைக் காண ஆலிஸ் உயிரோடு இல்லை. 1916 டிசம்பர் 31 அன்று தம் 24-ஆம் வயதில் மறைந்துவிட்டார். அவர் உழைப்பின் பெருமையை வேறொருவர் பெற்றார். 1922-இல்தான் டாக்டர் ஹோல்மன் அதற்குப் "பால் முறை" என்று பெயரிட்டு எழுதினார்.

எனினும் இந்த எண்ணெய் எல்லோரையும் குணப்படுத்தவில்லை. பலருக்கு நோய் மீண்டும் வந்தது. 1940-களில் டாப்சோன் என்ற மருந்து வந்தது. நம் செங்கற்பட்டில் 1924-இல் தொடங்கப்பட்ட லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் அதைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதில் முதன்மையான ரிஃபாம்பிசின் எங்கிருந்து கிடைத்தது? பிரான்சு நாட்டுக் கடற்கரையோரப் பைன் காட்டு மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து! ஆக, அதற்கும் மூலம் இயற்கையே. இயற்கை தருவது மூலப்பொருள்; சோதித்து, அளவறிந்து, தீங்கு நீக்கி மருந்தாக்குவது மனித அறிவு.

ஆகவே, "இயற்கை மருந்துதானே, கெடுதல் செய்யாது" என்று எண்ணி நாள் கடத்துவது தவறு. 2005-இல் நம் நாடு தொழுநோயைப் பெருமளவு கட்டுப்படுத்திவிட்டதாக அறிவித்தது. ஆயினும் ஆண்டுதோறும் சுமார் ஒரு லட்சம் பேருக்கு இங்கே புதிதாக இந்நோய் காணப்படுகிறது. வெளிறிய அல்லது சிவந்த தேமல், அதில் தொடு உணர்ச்சி இல்லாமை, இவையே அறிகுறிகள். அது அரிக்காது, வலிக்காது. வலிக்காததால்தான் பலர் எண்ணெய் தடவிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். அதற்குள் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிவிடும். மடங்கியபின் மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, இழந்த உணர்ச்சியைத் திருப்பித் தருவது அரிது.

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கு மருந்து இலவசம். ஆறு மாதமோ ஓராண்டோ தவறாமல் உட்கொண்டால் முற்றிலும் குணமாகும். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் அபாயம் நீங்கிவிடுகிறது. எனவே நோயாளியை ஒதுக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

தோழியரே, சாதாரணச் சிரங்குக்குப் பாட்டியின் குப்பைமேனி இருக்கட்டும். சிரங்கு பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ, தேமல் உணர்ச்சியற்றுப் போனாலோ பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், டாக்டரிடம் செல்லுங்கள். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயைக் கையில் எடுக்கும்போது ஆலிஸ் பாலையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம் காடுகளில் ஆராயப்படாத விதைகள் இன்னும் எத்தனையோ! அவற்றை ஆராயப்போகும் பெண் நம் வகுப்பிலேயே அமர்ந்திருக்கலாம் அல்லவா?